விமானி அறைக் கதவை என் மகளுக்காகத் திறப்பார்களா?

கேள்வி:

எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே விமானப் பைத்தியம். வளர்ந்து பைலட் ஆகப் போகிறேன் என்கிறாள். போன மாதம் நாங்கள் பறந்தபோது, சாப்பாடெல்லாம் முடிந்து எல்லாரும் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போனேன். ‘ஐந்தே நிமிடம், விமானி அறையைப் பார்க்கலாமா?’ என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் முடியாது என்றார். ஆனால் கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து எங்கள் இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் சித்தப்பா 1990களில் நடுவானில் காக்பிட்டுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த கதையை இன்றைக்கும் சொல்வார். இப்போது ஏன் இப்படி? இது சட்டமா, இல்லை அந்தக் குழுவினரின் மனநிலையா? என் நாத்தனாரின் கணவர் பைலட்தான். அவர் ஓட்டும் விமானத்தில் போனால் உள்ளே கூட்டிப் போவாரா? அப்புறம், மகள் ஒன்று கேட்கச் சொன்னாள்: காக்பிட் ஜன்னலைத் திறக்க முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனத்தை உறுத்தும் விஷயத்தைப் பேசிவிடுவோம். இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பறக்கும் நேரத்தில் யார் காக்பிட்டைப் பற்றி விசாரித்தாலும், அது எட்டு வயதுக் குழந்தைக்காகவே என்றாலும், கேபின் குழுவினர் அதைத் தங்கள் மூத்தவரிடமும் கேப்டனிடமும் சொல்லிவைப்பார்கள். பயிற்சியே அப்படி. நானும் ஒரு விமானிதான்; இன்டர்காமில் அந்தச் செய்தி எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. ‘கேப்டன், பதினாலாவது வரிசையில ஒரு குட்டிப் பொண்ணு காக்பிட் பார்க்கணுமாம்’ என்பார்கள், பாதிச் சிரிப்போடு. தரையிறங்கிய பிறகு கூப்பிடலாம் என்பதற்காக எண்ணைக் குறித்துவைப்பதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அதுவாகவேகூட இருந்திருக்கலாம். நீங்கள் முகம் வாடி முதல் ஆளாக இறங்கிப் போயிருப்பீர்கள்!

சட்டமா மனநிலையா என்றால், சட்டம். அந்தப் பணிப்பெண்ணுக்கோ உள்ளே இருந்த கேப்டனுக்கோ அதில் விருப்பு வெறுப்பு காட்ட இடமே இல்லை. ஆனால் உங்கள் சித்தப்பா சொல்வதும் கதையில்லை. 2001க்கு முன்பு உலகின் பல பகுதிகளில் அது சர்வசாதாரணம். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, ‘பிள்ளைகள் யாராவது காக்பிட் பார்க்க வேண்டுமா?’ என்று பணிப்பெண்களே கேட்டுக்கொண்டு வருவார்கள். பெரியவர்களும் போவார்கள். அமெரிக்க நிறுவனங்களில் மட்டும் அப்போதே பறக்கும்போது பயணிகளுக்கு அனுமதி கிடையாது. மற்றபடி ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கேப்டன் மனது வைத்தால் போதும்.

நானும் அந்தக் காலத்தில் உள்ளே உட்கார்ந்திருந்தவன்தான். இன்று நான் கேப்டன். 1990களின் கடைசியில் துணை விமானி. என் கேப்டன் நல்ல மனிதர், குழந்தைகள் என்றால் உருகிவிடுவார். ஒரு நாள் பத்து வயதுப் பையன் ஒருவனை உள்ளே விட்டார். விரலில் சாக்லேட் ஒட்டியிருந்தது, அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று பணிப்பெண் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். சமர்த்தாக அப்படியே நின்றான். எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இதுல ஹார்ன் எங்க அங்கிள்?’ என்றான். நான் சிரித்தேன். கேப்டனோ, ‘இருக்குடா!’ என்று குதூகலமாகத் திரும்பி உட்கார்ந்தார். எங்களுடைய ஏர்பஸ் ஏ320இல் நிஜமாகவே ஒரு ஹார்ன் உண்டு. தரையில் நிற்கும்போது கீழே உள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு மேலே ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் முன்சக்கரத்துப் பக்கம் அலறும். அதை அவர் விளக்க, பையன் கேள்வி கேட்க, நான் நடுவில் ஒரு ஜோக் அடிக்க, நேரம் போனது தெரியவில்லை.

அந்த நேரத்தில், தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர் எங்களை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். இரண்டையும் நாங்கள் கேட்கவில்லை. மூன்றாவது முறை அவர் குரலில் இருந்த சூட்டில்தான் எனக்கு உறைத்தது. எங்களை வலப்பக்கம் 20 டிகிரி திருப்பப் பார்த்திருக்கிறார். பதில் வராததால் எதிரே வந்த இன்னொரு விமானத்தைத் திருப்பிவிட்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் சந்தோஷமாகத் திரும்பிப் போனான். கேப்டனும் நானும் அதற்கப்புறம் இறங்கும் வரை அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

பயணிகள் உள்ளே வருவதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கடத்தலையும் குண்டையும்தான் நினைக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சாக்லேட் விரல் பையன்தான். வந்தவர் நல்லவராகவே இருந்தாலும் எங்கள் காதையும் கண்ணையும் அவர் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இதற்காகவே ஒரு பழைய விதி உண்டு. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையில்லாத ஒரு பேச்சும் காக்பிட்டில் கூடாது. ‘ஸ்டெரைல் காக்பிட்’ என்போம். அமெரிக்காவில் 1981இல் வந்தது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு வழிவகுத்த விபத்துகளில் முக்கியமானது, 1974இல் சார்லட் நகரில் பனிமூட்டத்துக்குள் இறங்கப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தின் விபத்து. விமானிகள் அரசியல், பழைய கார் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே தாழ இறங்கிவிட்டார்கள். 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் தேதியும் செப்டம்பர் 11தான் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களை நெருடும் ஒரு தற்செயல்.

குழந்தைகளை உள்ளே விட்டதால் நேர்ந்த விபத்து என்று எதையாவது சொல்ல முடியுமா என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. நாங்கள் எல்லாரும் பயிற்சியில் படித்தது. 1994 மார்ச் 23. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃப்ளோட் ஏ310. முறை மாற்றிக்கொள்ளும் கேப்டன் ஒருவர் தம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார். இரவு நேரம், சைபீரியாவின் மேலே, ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் மகளை இடப்பக்க இருக்கையில் உட்கார வைத்தார். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது ஆட்டோபைலட்டின் திசையை லேசாக மாற்றினார், அவளே விமானத்தைத் திருப்புவது போலத் தோன்றட்டும் என்று. எந்த அப்பாவும் செய்யக்கூடிய விளையாட்டு. அடுத்து மகன் உட்கார்ந்தான். அவனுக்கு வலு கூடுதல். ஆட்டோபைலட்டை எதிர்த்து அரை நிமிடம் போல ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்ததில், ஆட்டோபைலட் தன் வேலைகளில் ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது: இறக்கைகளைச் சமமாக வைத்திருக்கும் வேலையை. எச்சரிக்கை மணி ஒன்றும் அடிக்கவில்லை. ஒரு சின்ன விளக்கு மட்டும்தான் காட்டியது. மணி அடிக்கும் சோவியத் விமானங்களில் பழகிய விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது. அதை முதலில் கவனித்துச் சொன்னவனே அந்தப் பையன்தான்.

சாய்வு மிஞ்சிப் போனதும், உள்ளே இருந்தவர்களை அவரவர் இடத்தோடு சேர்த்து அழுத்தும் விசையும் கூடிவிட்டது. அப்பா மகனை எழுப்பிவிட்டு அந்த இருக்கையில் உட்காரவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. விமானம் விழுந்தது, ஒரு முறை மேலே ஏறி வந்தது, மறுபடி விழுந்தது. 75 பேரும் போனார்கள். அந்த அறையில் கெட்டவர் என்று யாருமே இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மற்றவை உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். 1999 ஜூலையில் டோக்கியோவிலிருந்து சப்போரோவுக்குக் கிளம்பிய ஆல் நிப்பான் ஜம்போவில் ஒருவன் பணிப்பெண்ணைக் கத்தி முனையில் மிரட்டி உள்ளே போனான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகியவன். தானே ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. கேப்டனைக் குத்திக் கொன்றான். துணை விமானியும், பயணியாக வந்திருந்த இன்னொரு விமானியும் உள்ளே பாய்ந்து விமானத்தை மீட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 29, லண்டனிலிருந்து நைரோபி போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ. மனநலம் குலைந்த ஒரு பயணி, பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கட்டுப்பாடுகளைப் பிடித்துக்கொண்டார். விமானம் ஆயிரக்கணக்கான அடி விழுந்தது. ஏறத்தாழ 400 பேர் அதில். விமானிகளும் பயணிகள் சிலரும் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டதால் எல்லாரும் பிழைத்தார்கள். அந்தக் கதவு பூட்டாமல் இருந்தது யாருடைய அலட்சியத்தாலும் இல்லை. அன்றைய வழக்கமே அதுதான். உங்கள் சித்தப்பா உள்ளே போனதும் அதே மாதிரி ஒரு கதவு வழியாகத்தான்.

எட்டரை மாதம் கழித்து 2001 செப்டம்பர் 11 வந்தது. அதற்குப் பிறகு விவாதத்துக்கே இடமில்லாமல் போனது. ஐ.சி.ஏ.ஓ. என்ற ஐ.நா.வின் சிவில் விமான அமைப்பு கொண்டுவந்த விதி 2003 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. 60 இருக்கைக்கு மேல் உள்ள, அல்லது 45,500 கிலோவுக்கு மேல் எடையோடு பறக்கும் பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும், துப்பாக்கிக் குண்டையும் கையெறி குண்டின் சிதறலையும் தாங்கும் காக்பிட் கதவு இருக்க வேண்டும். பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் மூடியதிலிருந்து, இறங்குவதற்காக ஒரு வெளிக்கதவு திறக்கும் வரை அது பூட்டியே இருக்க வேண்டும். வெளியே நிற்பது யார் என்பதை விமானிகள் தம் இருக்கையிலிருந்தே பார்க்க வழி வேண்டும். அமெரிக்கா அதே ஆண்டு ஏப்ரலுக்குள்ளேயே தன் விமானங்களுக்குக் கதவு மாற்றிவிட்டது.

அந்த ‘வெளிக்கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை’ என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு வழி அங்கேதான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்தப் பூட்டு எங்களையும் சேர்த்துத்தான் பூட்டுகிறது. நான் கழிப்பறை போக வேண்டுமென்றால் முதலில் இன்டர்காமில் சொல்ல வேண்டும். முன்பக்கக் கழிப்பறை காலி என்று உறுதியானதும் பணியாளர் ஒருவர் சாப்பாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறிப்பார். திரையில் பார்த்துவிட்டுத்தான் கதவு திறக்கும். அமெரிக்காவில் இந்த வண்டியும் போதாது என்று, புதிதாகத் தயாராகும் விமானங்களில் இரண்டாவதாக ஒரு தடுப்பும் வேண்டும் என 2023இல் விதி செய்திருக்கிறார்கள். பூட்டு எப்படி வேலை செய்கிறது, எந்த எண் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. விமானத்திலும் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். குழந்தை கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். வண்டி குறுக்கே நிற்கும் நேரத்தில் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

உங்கள் நாத்தனாரின் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். பாவம், அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். காக்பிட்டில் விமானிகளின் இருக்கைக்குப் பின்னால் மடக்கி விரிக்கும் ‘ஜம்ப் சீட்’ ஒன்றோ இரண்டோ உண்டு. அதில் யார் உட்காரலாம் என்று பட்டியலே இருக்கிறது. விமானிகளைச் சோதிக்க வரும் அரசு ஆய்வாளர், பயிற்சி தரும் மூத்த விமானி, நிறுவன விதிப்படி அனுமதி பெற்ற பணியாளர், இப்படி. அமெரிக்காவில் பட்டியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வேற்று நிறுவன விமானி அதில் உட்கார வேண்டுமென்றால் அவர் யார் என்பதைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்த பிறகுதான். ஐரோப்பிய விதியில் வாசகம் கொஞ்சம் தளர்வு. நிறுவனத்தின் கையேடு அனுமதிக்கும் ஒருவரை ஏற்றுக்கொள்வதா என்பதில் கடைசி முடிவு கேப்டனுடையது. ஆனால் அந்தக் கையேடுகளில் அண்ணி மகள், மச்சான் பையன் எல்லாம் வர மாட்டார்கள். பைலட்டின் மனைவிக்கே பொதுவாக அனுமதி கிடையாது.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணங்கள் இரண்டு. 2019இல் சீனாவில் ஏர் குவிலின் விமானத்தின் காக்பிட்டில் ஒரு பெண் பயணி விரலில் வெற்றிக்குறி காட்டிக்கொண்டு, முன்னால் தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருக்கும் படம் மாதக்கணக்கில் கழித்து இணையத்தில் வந்தது. அந்த கேப்டன் இனி பறக்கவே கூடாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் கேப்டன் தன் தோழியை உள்ளே அழைத்தார். அவரும் அதே நிறுவனத்தின் ஊழியர்தான், ஆனால் அன்று பயணியாக வந்தவர். இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. அந்த விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தது, நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. உங்கள் உறவினர் ‘சரி, வாங்க’ என்று சொன்னால் அவர் பணயம் வைப்பது இதைத்தான். நடுவானில் மாட்டேன் என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விமானம் நின்ற பிறகு கூட்டிப் போவதில் அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இந்தக் கதவை நான் முழுசாகப் புகழ மாட்டேன். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் கேப்டன் கொஞ்ச நேரம் வெளியே வந்தார். துணை விமானி உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையில் கொண்டுபோய் மோதினார். 150 பேர். கேப்டன் கதவை அடித்து உடைக்கப் பார்த்த சத்தம் கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பதற்காகச் செய்த கதவு, உள்ளே இருக்க வேண்டியவரை வெளியே நிறுத்திவிட்டது. அதன் பிறகு ஐரோப்பாவில் காக்பிட்டில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். மறு ஆண்டே அதை நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். ஏரோஃப்ளோட்டுக்கும் இதற்கும் இடையே 21 ஆண்டும் ஒரு நாளும். அங்கே கதவு திறந்திருந்தது, இங்கே பூட்டியிருந்தது.

இருந்தாலும் பயணி உள்ளே வரும் விஷயத்தில் விதி இப்படிக் கறாராக இருப்பதே எனக்கு நிம்மதி. பழைய காலத்தில் ஒவ்வொரு பயணியையும் முகம் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தக் குடும்பம் சரி, அந்த ஆள் வேண்டாம், இவர் பேச்சு நன்றாக இருக்கிறது என்று. அந்தக் கணிப்பில் நிறம், உடை, மொழி எல்லாம் வந்து உட்காரும். இப்போது உங்களுக்குச் சொன்ன ‘முடியாது’தான் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெரும் புள்ளிக்கும்.

சரி, இனி உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

விமானம் தன் நிறுத்தத்தில் வந்து நின்று, வெளிக்கதவு திறந்துவிட்டால் அந்தப் பூட்டு விதி முடிந்தது. அப்போது அழைப்பதும் அழைக்காததும் கேப்டன் கையில், அவருடைய நிறுவனம் தடுக்காத வரை. ஏறும்போது, இறங்கும்போது என இரண்டு சந்தர்ப்பம். ஏறும்போது கேட்கலாம், ஆனால் அப்போது போக முயற்சி செய்யாதீர்கள் என்பேன். அந்த அரை மணி நேரத்தில்தான் நாங்கள் பாதையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம், எடைக்கணக்கு வருகிறது, எத்தனை வேகத்தில் எழும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்கிறார். ஒரு எண் மாறினாலும் வம்பு. சில கேப்டன்கள் அப்போதும் கூப்பிடுவார்கள். நான் கூப்பிடுவதில்லை.

ஏறும்போதே வாசலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் சொல்லிவையுங்கள்: ‘இறங்கின பிறகு கேப்டனுக்கு நேரம் இருந்தா பாப்பா காக்பிட் பார்க்கலாமா? கேட்டுச் சொல்றீங்களா?’ இந்த ‘இறங்கின பிறகு’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகமே மலர்ந்துவிடும், விதி தெரிந்தவர் என்று. அப்புறம் கடைசி ஆளாக இறங்குங்கள். பின்வரிசையில் இருக்கை கிடைத்தாலும் கவலை வேண்டாம். பேருந்தில் ஏற்றிப் போகும் இடமாக இருந்தால் மற்ற பயணிகள் உங்களுக்காகக் காத்திருக்க நேரும்; அன்றைக்கு விட்டுவிடுங்கள். அதே குழு முக்கால் மணியில் மறுபடி பறக்க வேண்டியிருந்தாலும் மறுத்துவிடலாம்.

இன்னொரு யோசனை. மகளையே ஒரு சின்னக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். கையால், படம் வரைந்து. பணிப்பெண்ணிடம் கொடுத்தால் உள்ளே வந்து சேரும். கடிதம் வந்தால் நாங்கள் உயரத்தில் நிதானமாகப் படிப்போம், நேரமிருந்தால் பதிலும் எழுதுவோம். ஒரு குழந்தை எழுதிய ‘மேகத்துக்குள்ள போகும்போது கண்ணை மூடிக்குவீங்களா?’ என்ற துண்டுச்சீட்டு என் பையில் பல வருடமாக இருக்கிறது.

உள்ளே போனால், பையை வெளியே வைத்துவிடுங்கள். நினைத்ததைவிட இடம் குறுகல். நடுவில் இருக்கும் மேடையில் நெம்புகோல்களும் பட்டன்களும். குழந்தைகள் ஏறி உட்காரும்போது கால் படுவது அங்கேதான். எதில் கை வைக்கலாம் என்று விமானி சொல்லும் வரை கைகள் அவரவரிடமே இருக்கட்டும், சாக்லேட் இல்லாமலும்கூட. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். திரைகளில் பாதி அணைந்திருந்தால் ஏமாற வேண்டாம் என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஏ320 மாதிரி விமானமாக இருந்தால், விளக்குகளைச் சோதிக்கும் ஸ்விட்சைப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே சின்னதாக ஒன்று இருக்கும். போட்டால் அறையில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது அதுதான். அழுதுகொண்டு வந்த குழந்தைகூட அதைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறது.

பறக்கும்போதே விமானி பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தால், அதற்கும் உலகில் இடம் உண்டு. மேலே சொன்ன விதி பெரிய விமானங்களுக்குத்தான். பத்துப் பேர்கூட உட்கார முடியாத சின்ன விமானங்களில் கதவே கிடையாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் ஓடுகிறது. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் சேவை, இரண்டு நிமிடப் பயணம். விமானி ஒருவர்தான், அவர் பக்கத்து இருக்கையில் பயணி உட்காரலாம். இரண்டு நிமிடம்தான் என்றாலும் முன்கண்ணாடி முழுவதும் அவளுக்கு.

மகளின் கேள்விக்குப் பதில்: திறக்கும், ஆனால் வழக்கமாகத் தரையில் மட்டும். ஏ320இல் விமானிகளின் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலை உள்ளே இழுத்துப் பின்பக்கம் தள்ளலாம். மேலே போன பிறகு உள்காற்று அதை வெளிப்பக்கமாக, ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 பவுண்டு விசையில் அழுத்திப் பிடித்திருக்கும். பத்துப் பயில்வான்கள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. போயிங் 787இல் அந்த ஜன்னலே திறக்காது. அதற்குப் பதில் கூரையில் ஒரு சின்ன வாசல். ஜன்னலைத் திறப்பது காற்று வாங்க மட்டும் இல்லை. ஆபத்து வந்து கதவு வழியாகப் போக முடியாவிட்டால் விமானிகள் அது வழியாகத்தான் இறங்க வேண்டும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கயிறு ஜன்னலுக்கு மேலே ஒரு மூடிக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. உள்ளே போகும்போது ‘கயிறு எங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட குழந்தையை எந்த கேப்டனும் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட மாட்டார்.